பலாக்கொட்டைக் குழம்பும் சிறுவாட்டுப் பணமும்

பண்ருட்டி வட்டாரத்தில் செலவு குறைந்த சமையலுக்கு முதல் பாடம் பலாக்கொட்டை. பணிக்கன்குப்பம், மாளிகம்பட்டு, காடாம்புலியூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் விளையும் பழம் கோடை முழுவதும் மண்டிகளில் குவிகிறது. விலை சுளைக்குத்தான். தின்றபின் மிஞ்சும் கொட்டையைக் கழுவி, முறத்தில் பரப்பி, நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வைப்பது இங்கத்திய வழக்கம். மணலில் ஈரம் இருந்தால் முளைவிட்டுவிடும். பழ வாசனை போன பிறகும் காய்கறிக் கூடையின் வேலையைச் சில வாரங்களுக்கு அந்த மணல் பானை பார்த்துக்கொள்ளும்.

பலாக்கொட்டை, கத்திரிக்காய், முருங்கைக்காய், கருவாடு நான்கும் சேர்ந்த குழம்புதான் இந்த வட்டாரத்துச் சமையலின் உச்சம் என்று சொன்னால் கடலூர் முதுநகர்க்காரர்கள் சண்டைக்கு வரலாம். பச்சை மீன் போடாத குழம்பை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்காவிட்டாலும் உச்சம் அதுதான். கொட்டையின் மேலிருக்கும் வெள்ளைத் தோலை மட்டும் நீக்கினால் போதும். அடியிலுள்ள செம்பழுப்புத் தோலைச் சுரண்ட உட்கார்ந்தால் அரை மணி நேரம் போய்விடும். ருசி ஒன்றும் கூடாது. குழவியால் ஒரு தட்டு தட்டினால் வெள்ளைத் தோல் விலகி, கொட்டையும் பிளந்துகொள்ளும். குக்கரில் இரண்டு மூன்று விசில். புளி ஊற்றுவதற்கு முன்பே கொட்டை வெந்துவிட வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். புளித்தண்ணீரில் விழுந்த கொட்டை சீக்கிரத்தில் மெத்தென்று ஆகாது, கேஸ்தான் வீணாகும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் குக்கரை மூடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

மற்றது சுலபம். நல்லெண்ணெயில் வெந்தயமும் கடுகும் பொரிந்ததும் உரித்த சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி. வெந்த கொட்டையும் காய்களும் குழம்புத் தூளும் புளியும் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவிய கருவாட்டைக் கடைசியில் போட வேண்டும். உப்பு அதற்கும் பிறகு, நாக்கில் வைத்துப் பார்த்தபின். கருவாடு தன் பங்கு உப்பைக் கொண்டுதான் வருகிறது. நல்ல குழம்பின் அடையாளங்கள் மூன்று: கொட்டை விரலில் உடையும், ஆனால் கரைந்திருக்காது, கத்திரிக்காய் காம்பை விடாமல் நிற்கும், எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும். கொட்டையின் மாவுத்தன்மையே குழம்பைக் கூட்டிக் கொடுப்பதால் தேங்காய் அரைத்து ஊற்ற வேண்டியதில்லை. அதனால் காசும் மிச்சம், நேரமும் மிச்சம். தேங்காய் இல்லாத குழம்பு மறுநாள் வரைக்கும் தாங்கும்.

இந்தச் சமையலின் வேகம் அடுப்பங்கரையில் பிறப்பதில்லை. வெயில் காலத்தில் மொட்டை மாடியிலும் மில்லிலும் பிறக்கிறது. மிளகாய், தனியா, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் எல்லாவற்றையும் காயவைத்து மில்லில் அரைத்து வைத்த குழம்பு மிளகாய்த்தூள் சாம்பாருக்கும் ஆகும், காரக்குழம்புக்கும் ஆகும், மீனுக்கும் ஆகும். ஐந்து விதப் பாக்கெட் தூள் வாங்கி அடுக்கும் வீட்டில் எதை எடுப்பது என்ற யோசனையிலேயே பாதி நேரம் போகிறது. மோர்மிளகாய், கத்திரி வத்தல், கொத்தவரை வத்தல், வடகம் ஆகியவையும் அதே வெயிலின் வரவு. ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு வாரத்தின் பாதிக் காலைகளைத் தீர்க்கிறது. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கிய பிறகு அம்மியும் ஆட்டுக்கல்லும் பின்கட்டுக்குப் போய்விட்டன. துவையலுக்கு அம்மி தந்த சொரசொரப்பு மிக்சியில் வராது என்பது உண்மை. ஆனால் காலை ஏழு மணிக்கு அந்த நயத்துக்காக யாரும் அழுவதில்லை.

செலவுக் கணக்கு ரேஷன் கடையில் தொடங்குகிறது. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். சிறப்புப் பொதுவிநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ரேஷன் அரிசியை மட்டம் என்று ஒதுக்குவது, சமைக்கத் தெரியாதவர் பேச்சு. நன்றாகக் களைந்து, ஊறவைத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டு வடித்தால் வாடை போகும். அப்படி ஊறவைப்பதால் எரிபொருளும் குறையும். இட்லிக்கும் ஆப்பத்துக்கும் அதே அரிசி உளுந்தோடு மறுபிறவி எடுக்கும்.

எளிமைக்கு மதிப்புக் குறைவில்லை என்பதற்குச் சான்று இந்தக் கடலூர் மாவட்டத்திலேயே உண்டு. சிதம்பரம் நடராசர் கோயில் பிரசாதமான சம்பா சாதம், மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்து நெய்யோடு கலந்த சோறுதான். அதற்குத் துணை கத்திரிக்காய் கொத்சு. கத்திரிக்காயை வதக்கி மசித்து, புளி விட்டு, தனியாவும் கடலைப்பருப்பும் மிளகாயும் வறுத்த பொடி தூவி இறக்கினால் கொத்சு தயார். கத்திரிக்காய் மலிந்த நாளில் இட்லிக்கு இதைவிடச் சிக்கனமான துணை கிடையாது. வடலூரில் வள்ளலார் 1867 மே 23-ல் தொடங்கிய சத்திய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே பரிமாறுவதும் விருந்துச் சாப்பாடு அல்ல, பசியாற்றும் சாப்பாடு.

பலாவோடு இங்கே விளையும் முந்திரி விஷயத்தில் ஊருக்கும் வெளியூருக்கும் கணக்கு மாறுகிறது. முழுப் பருப்பு விற்பனைக்கு. உடைந்த துண்டும் குருணையும் விலை குறைவு என்பதால் வீட்டுக்கு. கொட்டையின் பால் பட்டு விரல் புண்ணாகாமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கொட்டை உடைக்கும் பெண்களின் வீட்டில், பத்து குருணை ஊறவைத்து அரைத்தால் குருமாவுக்குப் போதும். பிஞ்சுக் காலத்தில் பச்சை முந்திரிப் பருப்பில் குழம்பு வைப்பார்கள். ருசி அலாதி, விலையும் அப்படியே. சிக்கனத்தின் பட்டியலில் அதைச் சேர்ப்பது நியாயமில்லை. பலாப்பிஞ்சு அப்படியல்ல. மரம் தாங்காது என்று கழித்துவிடும் பிஞ்சு மலிவாகக் கிடைக்கும். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவி நறுக்கி, அவித்து, உதிர்த்துப் பொரியல் செய்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

நெய்வேலிக்கு முதல் ஷிப்ட் போகிறவர் இருக்கும் வீட்டில் விடியற்காலைச் சமையலே இல்லாமல் செய்துவிடுவது பழைய சோறு. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் அடுப்பு மூட்டாத உணவு. மண்சட்டியில் சுண்டவைத்த முந்தின நாள் குழம்பு தொட்டுக்கொள்ள இருந்தால் இட்லியைத் தேட மாட்டார்கள். மிஞ்சியதைச் சாப்பிடுவதாக இதை நினைப்பது தவறு. பழைய சோற்றுக்கென்றே ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகப் போடுகிற வீடுகள் ஏராளம். சுண்டக் குழம்புக்காகவே குழம்பைக் கொஞ்சம் நீர்க்க வைப்பதும் அப்படித்தான்.

மிச்சப்படும் பணத்துக்கு அஞ்சறைப்பெட்டி முதல் வங்கி. அந்தச் சிறுவாடு அங்கிருந்து சீட்டுக்கும் மகளிர் குழுவுக்கும் அஞ்சலகத்துக்கும் போகிறது. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கியவை. 2015-ல் வந்த செல்வமகள் சேமிப்புக் கணக்கை ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டி உயிரோடு வைத்திருக்கலாம். ஒரு குடும்பம் ஒரு வேளை ஓட்டலில் உட்கார்ந்தால் அந்தத் தொகை போதாது. இந்தக் குடும்பங்கள் கடனிலிருந்து கேட்கும் விடுதலை மிகப் பெரியதல்ல. நகை அடகுக்குப் போகாமல் இருக்க வேண்டும், பள்ளிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்காமல் இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தபோது பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மரத்தை நம்பியவர்களுக்கு வருமானம் திரும்ப ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியைக் கடக்கக் கையிருப்பும் சமையல் சாமர்த்தியமும் இரண்டுமே தேவைப்பட்டன.

இந்தச் சமையலுக்குச் சோதனைக் காலம் ஐப்பசியும் கார்த்திகையும். வெள்ளத்தில் வயல் மூழ்கிக் காய் விலை ஏறும். வெயில் இல்லாததால் புது வத்தல் போட முடியாது. கடலுக்குப் படகு போகாத நாளில் மீன் வராது. அப்போது டப்பாவிலுள்ள வத்தலும் பானையிலுள்ள கருவாடும் வெளியே வருகின்றன. எண்ணெயில் பொரித்த வத்தலைப் புளிக்குழம்பில் இட்டால் அரை மணி நேரத்தில் வத்தக்குழம்பு. சுட்ட அப்பளமும் ஒரு ரசமும் சேர்ந்தால் மழை நாள் சாப்பாடு முடிந்தது. வத்தல் சரியாகக் காயாமல் டப்பாவுக்குள் போயிருந்தால் பூஞ்சணம் பிடித்து அத்தனையும் பாழ். ஆகவே சித்திரை வெயிலில் இரண்டு நாள் கூடுதலாகக் காயவைப்பதில் மட்டும் இந்த வீடுகள் நேரத்தைச் சிக்கனப்படுத்துவதில்லை.