மதுச்சாலைக்குள் ஒரு தோட்டம்

கட்டடத்தைப் பற்றிய திறனாய்வு தமிழில் அருகியே காணப்படுகிறது. கோயிலைப் பற்றி எழுதுவோர் உளர். கோட்டையைப் பற்றி எழுதுவோரும் உளர். மதுச்சாலையைக் கட்டடக்கலைக் கண்கொண்டு நோக்குவது ஒழுக்கத்துக்கு இழுக்கு என்று நம்மவர் கருதுகின்றனர் போலும். இக்கட்டுரையாளன் மது அருந்தும் வழக்கம் உடையவன் அல்லன். எனினும், ஒரு சமுதாயம் தன் மக்களை எத்தகைய இடத்தில் அமர்த்திக் குடிக்கவைத்தது என்று பார்த்தால், அம்மக்களை அது எந்த அளவுக்கு மதித்தது என்பதும் புலப்பட்டுவிடும். குடியைக் கண்டிப்பவனும் குடிசாலையைக் காணத்தான் வேண்டும்.

விக்டோரியா அரசியார் காலத்து (1837–1901) இங்கிலாந்து மதுச்சாலைகளை முதலில் எடுத்துக்கொள்வோம். 1830ஆம் ஆண்டில் வந்த பீர்க்கடைச் சட்டம், இரண்டு கினி கட்டணம் செலுத்தினால் வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் பீர் விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. கடைகள் பெருகின, போட்டி மூண்டது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அப்போட்டி அலங்காரப் போட்டியாயிற்று. பூவேலை செதுக்கிய கண்ணாடி, மகாகனி மரத்தடுப்பு, பித்தளை, வண்ண ஓடு, வாயு விளக்கு என்று கடைக்காரர் பணத்தைக் கொட்டினர். பெல்பாஸ்ட் நகரத்துக் கிரவுன் மதுச்சாலையைப் பாட்ரிக் பிளானகன் என்பவர் 1885இல் புதுப்பித்தபோது, அங்கே தேவாலய வேலைக்கு வந்திருந்த இத்தாலியக் கைவினைஞரையே அதற்கும் பயன்படுத்தினார் என்பர். கதவிட்ட பத்துச் சிற்றறைகள் அதில் உள்ளன. 1978இல் தேசிய அறக்கட்டளை அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. லிவர்ப்பூலில் வால்டர் தாமஸ் 1898க்கும் 1900க்கும் இடையில் கட்டிய பில்ஹார்மோனிக் மதுச்சாலையில் சிறுநீர்க் கழிப்பிடமும் பார்க்கத்தக்கதாக அமைந்தது. இதைக் கேட்டுச் சிரிப்போர் சிரிக்கட்டும். நம் பள்ளிகளின் கழிப்பிடங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிப்பது நலம்.

அம்மதுச்சாலைகளை ஒரேயடியாகப் புகழ்வதற்கும் இல்லை. தொழிலாளிக்கு ஓர் அறை, கனவானுக்கு ஓர் அறை என்று மரத்தடுப்பால் பிரித்துத்தான் வைத்தனர். பரிமாறுபவர் கண்ணில்கூடப் படாமல் குடிக்க விரும்பிய மேன்மக்களுக்குச் சுழலும் கண்ணாடித் திரைகளும் இருந்தன. ஆயினும், கூலியாள் நின்ற பொது அறைக்கும் வண்ண ஓடு உண்டு, கண்ணாடி உண்டு, வெளிச்சம் உண்டு. ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவன் தன் வீட்டில் கண்டறியாத வெளிச்சத்தை அங்கே கண்டான். கடைக்காரரின் நோக்கம் அவன் காசுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்காசைப் பெறுவதற்கு அவன் கண்ணுக்கும் விருந்து வைக்க வேண்டும் என்று அவர் எண்ணினார்.

அங்கே ஊற்றப்பட்ட பானத்தைப் பற்றியும் ஒரு சொல். மரபான ஏல் என்னும் பீர், பீப்பாயினுள் நொதி உயிரோடு இருக்க, இரண்டாம் முறையும் அங்கேயே புளித்து முதிர்வது. வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை. கைப்பம்பினால் இழுத்து வார்ப்பர். நிலவறையில் பதினொன்று முதல் பதின்மூன்று பாகை வெப்பத்தில் வைத்து, பீப்பாயைத் திறந்தபின் சில நாட்களுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். ஆலைகள் இம்முறையைக் கைவிடத் தொடங்கவே, அதைக் காக்க 1971இல் ஓர் இயக்கமே பிறந்தது. நம் கள்ளும் இவ்வினத்ததே. காலையில் இறக்கும்போது இனிப்பு, மாலைக்குள் புளிப்பு, மறுநாள் காடி. உயிருள்ள பானம் என்ற வகையில் ஏலுக்கும் கள்ளுக்கும் உறவு நெருக்கமானது. பூன் லேக்கு மேற்கே துவாஸில் 1990 முதல் இயங்கிவரும் ஆலையின் டைகர் பீர் (அது முதன்முதல் வெளிவந்தது 1932இல்) வடிகட்டித் தெளிவித்த வேறோர் இனம். ஏலைக் காக்க இயக்கம் எழுந்தது. கள்ளை ஒழிக்க இயக்கம் எழுந்தது. ஏன் இந்த வேறுபாடு? பானத்தில் விடை இல்லை. அதை விற்ற இடத்திலும் விற்ற முறையிலும் இருக்கிறது.

நிற்க. விக்டோரியா காலத்து மதுச்சாலையைச் சிங்கப்பூரில் தேடுவோர் சென்றடைவது கடற்கரைச் சாலை ராபிள்ஸ் ஓட்டலைத்தான். ஆர்மீனியரான சார்க்கிஸ் சகோதரர்கள் 1887 டிசம்பரில் பத்து அறை கொண்ட ஒரு பங்களாவில் அதைத் தொடங்கினர். இப்போது நாம் காணும் முதன்மைக் கட்டடம் 1899இல் எழுந்தது. வரைந்தவர் ஸ்வான் மக்லாரன் நிறுவனத்தைச் சேர்ந்த பிட்வெல். கோலாலம்பூர் சுல்தான் அப்துல் சமாது மாளிகையின் வரைபடப் பணியிலும் பங்குகொண்டவர்.

இக்கட்டடத்தின் சிறப்பு, மேனாட்டு அலங்காரத்தை நம் வெயிலுக்கும் மழைக்கும் பணியவைத்ததில் இருக்கிறது. வளைவுகளும் தூண்களும் மறுமலர்ச்சிக் கால இத்தாலியை நினைவூட்டுவன. ஆனால் அவ்வளைவுகளுக்குப் பின்னே அகன்ற தாழ்வாரம் ஓடுகிறது. சாரல் சுவரைத் தொடுவதில்லை. உயர்ந்த கூரை வெப்பத்தை மேலே வாங்கிக்கொள்கிறது. வெண்சுதை நண்பகல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அலங்காரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது; வேலைக்கு ஓர் அழகு இருக்கிறது. பிட்வெல் வானிலை அறிந்து கட்டினார் என்று தயங்காமல் கூறலாம்.

இங்கே நம்மனோர்க்கு உவப்பான செய்தி ஒன்றும் உண்டு. 1896இல் இவ்வோட்டலில் பில்லியர்டு அறை ஒன்று தூண்களின் மீது உயர்த்திக் கட்டப்பட்டது. 1902இல், காட்சிக்கூடம் ஒன்றிலிருந்து தப்பிய புலி அதனடியில் போய்ப் பதுங்கியது. அதைச் சுட்டு வீழ்த்தியவர் ராபிள்ஸ் கல்விக்கூடத்தின் தலைமையாசிரியர் பிலிப்ஸ். தலைமையாசிரியர் பணிக்கு எல்லை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ! ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு இதைக் கற்பிக்கவில்லை.

இனி, 'லாங் பார்' என்னும் நீள் மதுச்சாலை. ஓட்டலின் புகழுக்குப் பெருங்காரணம் இதுதான். நியாம் தோங் பூன் என்னும் ஹைனானியப் பரிமாறுநர் 1915 அளவில் 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்ற இளஞ்சிவப்புப் பானத்தைக் கலந்தளித்ததாக ஓட்டலார் கூறுவர். 1989 முதல் 1991 வரை நடந்த பெருந்திருப்பணியிலும் 1915ஆம் ஆண்டையே ஓட்டலின் பொற்காலமாகக் கொண்டு பழுதுபார்த்தனர். அதே ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் இவ்வூரில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும், அவர்களுள் நாற்பத்தேழு பேர் பொதுமக்கள் பார்க்கச் சுட்டுக்கொல்லப்பட்டதும் வேறு கதை. பொற்காலத்தைத் தேர்ந்தெடுப்பவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை மாணவர்க்குச் சொல்லித்தர இது உதவும்.

அத்திருப்பணியின்போது லாங் பார் புதிய அங்காடிப் பகுதிக்கு இடம் மாறியது. 1920களின் மலாயாத் தோட்ட வாழ்வே அதன் ஒப்பனைக்குக் கரு. கருமரம், சுழற்படி, மேலே வரிசை வரிசையாக ஓலைவிசிறிகள். சாக்குப்பையில் நிலக்கடலை வைத்திருக்கின்றனர். உரித்த தோலைத் தரையில் போடுவது அங்கு மரபு. விசிறிகள் ஒன்றாக முன்னும் பின்னும் அசைகின்றன. நெடுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றை இழுக்கும் கை எங்கும் இல்லை.

பங்கா என்றால் அதன் மறுமுனையில் கயிறு உண்டு. கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆள் உண்டு. இவ்வோட்டலுக்கே 1899இல் மின்விளக்கும் மின்விசிறியும் வந்துவிட்டன. பின்னர் வந்தவர்கள் ஓலைவிசிறியை மின்பொறியால் ஆட்டி, தோட்டத்துப் பங்களாவை நினைவூட்டுகின்றனர். நினைவூட்டட்டும். ஆனால் இந்நினைவில் துரை இருக்கிறார். துரையின் நாற்காலி இருக்கிறது. துரையின் தாகம் இருக்கிறது. பால் வாளி இல்லை, உளி இல்லை, லயம் இல்லை, பெரட்டு இல்லை. ரப்பர் மரத்தின் அடியில் விடியுமுன் நின்றவரைக் காட்டும் ஒரு கோடுகூட என் கண்ணில் படவில்லை. ஒரு நாடகத்தில் தலைவன் மட்டும் மேடையேறி, எதிரே யாருமின்றி உரையாடுவது போன்ற குறை இது. ஒப்பனை என்ற அளவிலும் இது நிறைவு பெறவில்லை என்பதே என் கருத்து.

'குடித்து மகிழ வந்தவனிடம் வரலாறு பேசலாமா?' என்று சிலர் வினவக்கூடும். ஒப்பனையாளரே வரலாற்றைத்தானே விற்கிறார்? விற்கும் பொருளை நிறுத்துப் பார்க்கும் உரிமை வாங்குவோர்க்கு உண்டு.

பூன் லேயில் வாழ்வோர் இதனை எளிதில் உணரலாம். இவ்வூர்ப் பெயருக்கு உரியவரான சியூ பூன் லே (1852–1933) இப்பகுதியில் பரந்த நிலம் வைத்திருந்தவர். முதலில் மிளகும் காம்பியரும், பிறகு ரப்பரும் இங்கே பயிராயின. 1961இல் தொடங்கிய ஜூரோங் தொழிற்பேட்டைப் பணிகளால் இவ்வட்டாரமே உருமாறியது. இன்று அடுக்குமாடி வீடுகளுக்கு இடையே நின்று, தோட்டம் எங்கே என்று கேட்டால் விடை சொல்வாரில்லை. உண்மைத் தோட்டம் இருந்த இடத்தில் அதன் சுவடு இல்லை. தோட்டமே இராத கடற்கரைச் சாலையில் அதன் பொம்மை இருக்கிறது.

ஜொகூரில் நான் பணியாற்றும் பள்ளியும் தோட்டப் பள்ளியே. பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் மலாயாக் கூட்டரசு மாநிலங்களின் தோட்டங்களைப் பணித்தது. பல தோட்டங்களில் அச்சட்டத்தின் சொல்லை நிறைவேற்ற ஒரு கொட்டகையே போதுமானதாயிற்று. கள்ளுக்கடையும் கொட்டகைதான். நான் கண்ட கடைகளில் தகரக் கூரை, இடுப்பளவுச் சுவர், கம்பி வலைக்குப் பின்னே விற்பவர், இவ்வளவே. உட்கார இடமின்றி நின்றே குடித்தனர். நின்று குடிப்பவன் விரைந்து குடிப்பான். கட்டட அமைப்பு மனிதனின் பழக்கத்தை வடிக்கும் என்பதற்கு அதைவிடக் கொடிய பாடம் நான் கண்டதில்லை. உழைப்பவர் கூலியில் ஒரு பகுதி அக்கம்பி வலை வழியே திரும்பிப் போயிற்று. அவர்கள் இதை அறியாதவரல்லர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கோரினர். இவ்விரு கோரிக்கைகளும் ஒரே பட்டியலில் இடம்பெற்றதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அவர்கள் மறுத்தது போதையை மட்டும் அன்று. கடையின் வடிவில் கட்டிவைத்திருந்த இழிவையும் மறுத்தனர்.

இது பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2013 டிசம்பர் 8ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் நிகழ்ந்த கலவரத்துக்குப் பின், 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இரவு பத்தரை முதல் காலை ஏழு மணி வரை பொது இடங்களில் குடிப்பதற்குத் தீவு முழுதும் தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதிகளில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ஒழுங்குக்கு அது வேண்டியிருக்கலாம். அதை எதிர்ப்பது என் நோக்கமன்று. ஞாயிறு ஒரு நாள் ஓய்வு பெறும் தொழிலாளி புல்தரையில் அமர்வது அவனுக்குப் புல் பிடிக்கும் என்பதாலா, நாற்காலி எட்டாத விலையில் இருப்பதாலா என்ற கேள்வியைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டடக் கலைஞரும் எடுத்துக்கொள்ளலாம்.

விக்டோரியா காலத்தினர் இவ்வூரிலேயே அதற்கு ஒரு விடையை விட்டுச் சென்றுள்ளனர். தெலுக் ஆயர் சந்தை, மக்கள் வழக்கில் 'லாவ் பா சாட்'. மெக்ரிச்சி 1894இல் எண்கோண வடிவில் அமைத்தது. வார்ப்பிரும்புத் தூண்களும் வளைவுகளும் கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலேற்றியவை. 1973இல் தேசிய நினைவுச்சின்னமாயிற்று. 1986இல் சுரங்க ரயில் வேலைக்காக அதைப் பிரித்தெடுத்துப் பின்னர் மீண்டும் பூட்டினர். கதவு இல்லை, எட்டுப் பக்கமும் காற்று வருகிறது. வங்கி அலுவலரும் கட்டுமானத் தொழிலாளியும் அதே வளைவின்கீழ் அமர்ந்து சோறு உண்ணலாம், விரும்பினால் பீரும் அருந்தலாம்.

பூன் லேயிலிருந்து புறப்படும் அன்பர்கள் நகர மண்டப நிலையத்தில் இறங்கி, முதலில் செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தைப் பார்க்க. இந்தியக் கைதிகள் 1856 முதல் 1861 வரை எழுப்பிய அதன் சுவருக்குச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்து அரைத்த சென்னைச் சாந்து பூசினர். அதன்பின் ராபிள்ஸ் தாழ்வாரத்தில் நடந்துவிட்டு, மாலையில் லாவ் பா சாட்டுக்குப் போகலாம். அங்கே இருட்டியதும் பூன் தாட் தெருவை அடைத்துச் சத்தே கடைகள் போடுவர். வார்ப்பிரும்பு வேலையை நன்கு காண வேண்டுமாயின் அதற்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே சென்று நடுவில் நிற்கும் மணிக்கூண்டின் அடியிலிருந்து மேலே நோக்க வேண்டும்.