ஹெட்டா காப்ளரின் அச்சம்

நாடக மாந்தரை நல்லவர், தீயவர் என இரு வரிசையில் நிறுத்தி விடையை முடித்துக்கொள்ளும் பழக்கம் மாணவரிடையே உண்டு. அவ்விரு வரிசையிலும் அடங்காத பெண்ணொருத்தி, நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சன் படைத்த ஹெட்டா காப்ளர். நாடகம் 1890இல் நூலாக வெளிவந்து, 1891 சனவரியில் மியூனிக் நகரில் முதன்முதலாக மேடையேறியது. அக்காலத் திறனாய்வாளர் பலருக்கு அவள் விளங்காத புதிராகவே தோன்றினாள்.

அவள் செயல்களும் அத்தகையனவே. கணவன் டெஸ்மனை வளர்த்த அத்தை, ஹெட்டாவுடன் வெளியே செல்லுங்கால் அவளுக்குத் தலைகுனிவு நேரக் கூடாதென்று புதுத் தொப்பி வாங்கி அணிந்து வருகிறாள். அதனை வேலைக்காரியின் பழந்தொப்பி என்று ஹெட்டா இகழ்கிறாள். அறிந்தே இகழ்ந்ததாகப் பின்னர் நீதிபதி பிராக்கிடம் ஒப்புக்கொள்கிறாள். குடியை விட்டுத் திருந்திய லோவ்போர்க்கை மீண்டும் குடிக்கத் தூண்டுகிறாள். அவன் தொலைத்த நூலின் கையெழுத்துப்படி தன் கையில் இருந்தும், அதைக் கொடாமல் துப்பாக்கியைக் கொடுத்தனுப்புகிறாள். பின்னர் அப்படியைத் தீயிலிடுகிறாள்.

இவற்றைக் கண்டு, ‘கொடியவள்’ என்று கூறி அமைவது எளிது. அச்சொல் அவள் செயலை மதிப்பிடுமேயன்றி அதன் காரணத்தை விளக்காது.

விளக்கத்திற்குரிய திறவுகோல் இரண்டாம் அங்கத்தில் உள்ளது. மணத்திற்கு முன்னர், லோவ்போர்க் நட்பின் எல்லையை மீற முயன்றபோது, அவள் துப்பாக்கியைக் காட்டி அவனை விரட்டினாள். அன்று ஏன் சுடவில்லை என அவன் வினவ, ஊர்ப்பழிக்கு அஞ்சியதாக விடையிறுக்கிறாள். சுடாமல் விட்டதினும் பெரிய கோழைத்தனம் ஒன்று அன்று தன்னிடம் இருந்ததென்பதையும் குறிப்பால் உணர்த்துகிறாள். விரும்பியவனை ஏற்கத் துணியாமையே அது. தளபதியின் மகளாய்ப் பிறந்து, குதிரையேற்றமும் துப்பாக்கியும் பயின்றவள் ஊரார் பேச்சுக்கு நடுங்குகிறாள்.

அவளருகே தேயாவை இப்சன் நிறுத்தியிருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. தேயா ஹெட்டாவின் முன் அஞ்சி ஒடுங்குபவள். ஆயினும் அன்பில்லாக் கணவனின் வீட்டை விட்டு வெளியேறிய பின், ஊரார் எதுவும் சொல்லட்டும் என்று துணிந்து நிற்கிறாள். தன்னிடம் இல்லாத துணிவு அந்த மெலிந்த பெண்ணிடம் இருப்பதை ஹெட்டாவால் பொறுக்க இயலவில்லை. லோவ்போர்க் தேயாவின் துணையால் எழுதிய நூலை, அவ்விருவரின் குழந்தை என்று சொல்லியே எரிக்கிறாள்.

தான் துணியாததை மற்றொருவன் வழியே காண விழைவதே அவள் பெரும்பிழை. லோவ்போர்க் ‘அழகாக’ இறக்க வேண்டுமென விரும்பினாள். அவனோ ஒரு பாடகியின் இல்லத்தில், அடிவயிற்றில் குண்டு பாய்ந்து இழிவாக மாய்ந்தான். துப்பாக்கி யாருடையது என்பதை அறிந்த பிராக், அதை வெளியிடாதிருப்பதற்கு ஈடாக அவளைத் தன் பிடியில் வைத்துக்கொள்ள எண்ணுகிறான். வாழ்நாள் முழுதும் அஞ்சிய ஊர்ப்பழியே கயிறாகித் தன்னைப் பிணிப்பதை உணர்ந்தவள், தந்தையின் துப்பாக்கியால் தன்னுயிரைப் போக்கிக்கொள்கிறாள். எவரும் இவ்வாறு செய்வதில்லையே என்று பிராக் திகைக்க, நாடகம் முடிகிறது. ஊரார் செய்வதையே அளவுகோலாகக் கொண்டு வாழ்ந்தவளின் முடிவில், அதே அளவுகோலால் அவளை அளக்கும் குரலே ஒலிக்கிறது.

அவளைச் சமுதாயத்தின் பலியாள் என்று மட்டும் இரங்குவதும் பொருந்தாது. அதே சமுதாயத்தில், அவளினும் எளிய நிலையில் வாழ்ந்த தேயா துணிந்தாள். ஆகவே, பெண்ணை அடைத்துவைத்த காலத்தின் குற்றமும், அடைபட்ட துயரைப் பிறர்மீது தீர்த்துக்கொண்ட அவள் குற்றமும் ஒருங்கே எண்ணப்படல் வேண்டும்.

ஒரு பாத்திரத்தை அறிய முற்படும் மாணவர், அவள் நல்லவளா என்று வினவுமுன், அவள் எதற்கு அஞ்சுகிறாள் என்று வினவுவாராக. அதற்கு விடை கண்டவர், அவளை மன்னிக்காமலே புரிந்துகொள்வர். திறனாய்வின் கடமையும் அதுவேயாகும்.