புதுக்கோட்டைக் கஞ்சிரா: கணக்கென்னும் வசை

சென்னையில் மார்கழி மாத விளக்கவுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: தஞ்சாவூர்ப் பாணி பாட்டுக்கு வாசிப்பது, புதுக்கோட்டைப் பாணி கணக்குக்கு வாசிப்பது. மேடையில் இருப்பவர் சொல்வார், சபை தலையாட்டும். பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஒன்றான ஆலங்குடியிலிருந்து எழுதுகிறவனுக்கு இதில் எரிச்சல் வந்தால் ஊர்ப்பற்று என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் பாராட்டுப்போல ஒலிக்கும் அந்தப் பேச்சு ஒரு வசை. இவர்களுக்குக் கணக்குத் தெரியும், சங்கீதம் அவ்வளவு போதாது என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார்கள்.

எங்கள் வட்டார இசையைப் பற்றி எழுத வருகிறவர்கள் குடுமியான்மலைக் கல்வெட்டில் ஆரம்பிப்பது வழக்கம். அது சுரங்களின் சாசனம். தாளத்துக்கு அங்கே போகவேண்டிய வேலை இல்லை. நமக்கு வேண்டிய கதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தவில் வித்துவான் மாரியப்பா பிள்ளையிடம் பாடம் கேட்ட மான்பூண்டியா பிள்ளையிடம் தொடங்குகிறது. பஜனையில் தட்டிக்கொண்டிருந்த வாத்தியத்தைக் கச்சேரி மேடையில் உட்காரவைத்தவர் அவர். மிருதங்க மேதை தஞ்சாவூர் நாராயணசாமி அப்பா அவர் வாசிப்பைக் கேட்டு ஏற்றுக்கொண்டதாகச் செவிவழிக் கதை உண்டு.

கஞ்சிராவைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தத் துணிச்சல் புரியும். பலா மரத்தில் கடைந்த ஒரு சாண் வட்டம், ஒரு பக்கம் மட்டும் உடும்புத் தோல், பக்கவாட்டுத் துளையில் ஒன்றிரண்டு காசு. மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி என்று இரண்டு முகம், இரண்டு கை. இங்கே ஒரு கை பிடித்துக்கொள்ளவே போய்விடுகிறது. அந்தக் கையும் சும்மா இருப்பதில்லை. விளிம்போரம் தோலை விரல்களால் அழுத்தி விடும்போது ஒலி மேலேறி இறங்கும். கும்கி அப்படித்தான் பிறக்கிறது. தோலின் உட்புறம் தண்ணீர் தடவினால்தான் கார்வை கிடைக்கும். கொஞ்சம் அதிகமாகிவிட்டால் சத்தம் செத்துவிடும். தண்ணீர் தடவும் பக்குவத்துக்கு எந்தக் கணக்கும் உதவாது. (1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைப் பாதுகாக்கிறது. ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் அந்தக் கார்வையைத் தேடும் பாடு தனிக்கதை.)

மான்பூண்டியாவின் சீடர்களில் இரண்டு பேர் போதும். ஒருவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936). மிருதங்கமும் கஞ்சிராவும் இரண்டுமே அவருக்குக் கைவந்தவை. கும்பகோணம் அழகநம்பி பிள்ளை மிருதங்கம், தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிரா என்பது அந்தக் காலத்து ஜோடி. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகளில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், மன்னார்குடி பக்கிரியா பிள்ளையின் கொன்னக்கோல் என்று ஒரு படையே உட்கார்ந்திருக்கும். நயினா அரிய தாளங்களில் பல்லவி பாடுவதில் சூரர். கணக்குப் பட்டம் புதுக்கோட்டைக்கு ஒட்டிக்கொண்டது இந்தப் பெஞ்சில்தான் என்று நினைக்கிறேன். தாளச் சிக்கலை உண்டாக்கியவர் பாடகர். அதில் வழுக்காமல் கூட வந்தவருக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர்.

மற்றவர் முத்தையா பிள்ளை. அவருடைய மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இந்தக் கட்டுரைக்கு நான் உட்கார்ந்ததே இவருக்காகத்தான்.

பழனி இடதுகைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்கவேண்டும் என்றால் அவர் வயலின்காரர் இடத்தில் உட்காரவேண்டும், வயலின்காரர் எதிர்ப்பக்கம் போகவேண்டும். பலர் மறுத்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் பழனியின் பக்கம் நின்றார். கஞ்சிராவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பாலக்காடு மணி ஐயர் மிருதங்கத்தோடு பழனி கஞ்சிரா வாசித்த கச்சேரிகளைப் பழைய ரசிகர்கள் இன்னமும் விட்டுத் தருவதில்லை.

பழனியின் வாசிப்பில் முதலில் காதில் விழுவது இடைவெளி. சவுக்கக் கீர்த்தனையில் சங்கதி முடியும்வரை சர்வலகுவில் நடை போட்டுக்கொண்டிருப்பார். தொப்பியில் ஒரே ஒரு கும்கி விழும், அடுத்த அடிக்கு இடம் விட்டிருப்பார். ஆலத்தூர் சகோதரர்கள் பல்லவியை எவ்வளவு முறுக்கினாலும் அவர் கை முறுக்கிக்கொள்ளாது. இவரையா கணக்குக்காரர் என்கிறோம்? கணக்கு அவரிடம் இருந்தது, வேண்டிய மட்டும் இருந்தது. அதைக் காட்டவேண்டிய அவசியம்தான் அவருக்கு இல்லை.

மேற்கில் ஒரு பியானோ வித்துவானின் வாழ்க்கை அவர் தேர்ந்தெடுக்கும் உருப்படிகளால் அமைகிறது. டொராண்டோவின் கிளென் கூல்ட் பாஹின் கோல்ட்பர்க் மாறுபாடுகளை 1955இல் ஒருமுறையும் 1981இல் இன்னொருமுறையும் பதிவு செய்தார். நடுவே 1964இல் மேடையையே துறந்தார். நம் பக்கவாத்தியக்காரருக்கு அந்தச் சொகுசு இல்லை. பாடகர் வாயைத் திறக்கும்வரை என்ன உருப்படி, எந்த எடுப்பு என்பது தெரியாது. ஆகவே பிறர் பாடும் அத்தனையும் அவருடைய உருப்படிப் பட்டியல். சாகித்தியம் தெரியாமல் அவரால் ஓர் ஆவர்த்தனம் நகர முடியாது. அதே டொராண்டோவில்தான் பழனியின் சீடர் திருச்சி சங்கரன் 1971 முதல் யார்க் பல்கலைக்கழகத்தில் புதுக்கோட்டைப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார். பாணியை முறையாக எழுத்தில் வைத்த பெருமை அவருக்கு உண்டு. 2011இல் சங்கீத கலாநிதி. மியூசிக் அகாடமி ஒரு மிருதங்கக்காரருக்கு முதன்முதலில் அந்தப் பட்டத்தைக் கொடுத்ததே 1966இல், மணி ஐயருக்கு. பழனி காலமாகி நான்கு ஆண்டு ஆகியிருந்தது.

ஜி. ஹரிசங்கர் (1958–2002) வந்தபிறகு கஞ்சிராவின் வேகமே மாறியது. மேதைதான், சந்தேகமில்லை. அவர் மிருதங்கத்தை அண்டி வாசித்த விதத்தை விட்டுவிட்டு விரல் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்தாம் இன்றைய சங்கடம். செல்வகணேஷ் ‘ரிமெம்பர் சக்தி’யோடு உலகம் சுற்றியது கஞ்சிராவுக்குப் புது ரசிகர்களைத் தந்தது. வாத்தியம் தனியே நிற்கும் என்பது நிரூபணமாகிவிட்டது, சரி. அதை இன்னும் எத்தனை வருஷம் நிரூபிப்பது?

சபாக்காரர்கள் செலவைச் சுருக்க முதலில் வெட்டுவது உபபக்கவாத்தியத்தை. எஞ்சிய மேடையில் கஞ்சிராக்காரர் இரண்டு மணி நேரம் அடங்கியிருந்து பத்து நிமிடத் தனி ஆவர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டுகிறார். குறைப்பு, மோரா, பெரிய கோர்வை, கைதட்டல். மாணவர்களும் கோர்வையில் தொடங்குகிறார்கள். பத்துக் கீர்த்தனை தெரியாத பையனுக்கு ஐம்பது கோர்வை மனப்பாடம். புதுக்கோட்டைப் பாணியைக் காப்பாற்றுகிறோம் என்று இதைச் செய்கிறவர்கள் வசையை உண்மையாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒலிப்பதிவு சேர்ப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. பழனியின் கச்சேரிகளிலிருந்து தனி ஆவர்த்தனத்தை மட்டும் கத்தரித்துக் கைமாற்றுகிறார்கள். அதற்கு முன்னால் வரும் ஒன்றரை மணி நேரத்தைக் கேட்டவர்கள் யாரும் கணக்கு என்ற சொல்லை எடுக்கமாட்டார்கள். கத்தரித்த துண்டை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுகிறவர்கள் முதலில் முழு நாடாவைத் தேடிக் கேட்கட்டும். பிறகு மார்கழியில் பேச வரட்டும்.