பகுதிகளாகத் தொகையிடலும் மனன வரிசையும்

உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயிலும் மாணாக்கர், பகுதிகளாகத் தொகையிடல் என்னும் முறையை அணுகுங்கால், இரு சார்புகளுள் எதனை வகையிடுவது, எதனைத் தொகையிடுவது என்று மயங்குவர். அம்மயக்கத்தை நீக்க மனன வரிசையொன்று வழங்குகின்றது. மடக்கை, நேர்மாறு திரிகோணகணிதம், அட்சரகணிதம், திரிகோணகணிதம், அடுக்குக்குறி என்பதே அவ்வரிசை. முன்னிற்பதை வகையிடுக என்பது விதி. 1983இல் ஹேபேட் கசூபே என்பார் அமெரிக்கக் கணிதச் சஞ்சிகையொன்றில் இதனை எடுத்துரைத்தார். இதன் தகுதியை ஈண்டு ஆராய்வாம்.

இதன் பயன் மறுக்கற்பாலதன்று. எக்ஸ் என்பதைச் சைன் எக்ஸ் என்பதாற் பெருக்கித் தொகையிடுங்கால், எக்ஸ் வகையிடப்பட்டு ஒன்றாகின்றது. எஞ்சுவது எளிய தொகையீடே.

ஆயின், ஈயின் அடுக்காக எக்ஸ் வர்க்கம் நிற்கும் சார்பை, எக்சின் மூன்றாம் அடுக்காற் பெருக்கித் தொகையிடுமாறு கேட்பின் யாது செய்வது? விதிப்படி மூன்றாம் அடுக்கை வகையிட்டு மற்றையதைத் தொகையிடல் வேண்டும். அதுவோ அடிப்படைச் சார்புகளால் தொகையிட இயலாதது. எக்ஸ் வர்க்கத்தை மாத்திரம் வகையீட்டுக்கு விட்டு, எஞ்சிய ஓர் எக்சை அடுக்குக்குறிச் சார்போடு சேர்ப்பின், அச்சேர்க்கை உடனே தொகையிடப்படும். எக்ஸ் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்து, அவ்வடுக்குக்குறிச் சார்பாற் பெருக்கி, அரைவாசியெடுத்து, மாறிலி கூட்ட விடை வரும். வரிசை, சார்பின் குலத்தை நோக்கிற்றேயன்றிக் குணத்தை நோக்கவில்லை.

குணத்தை அறியும் வழி யாது? பெருக்கத்தின் வகையீட்டு விதியைத் தொகையிட்டு, ஓர் உறுப்பை மறுபக்கம் கொண்டுசெல்லின், 1715இல் புறூக் ரெயிலரின் நூலிற் காணப்பட்ட இம்முறை தானே பெறப்படும். அதனின்று இரு வினாக்கள் எழும்: தொகையிட எடுத்த பகுதி தொகையிடத்தக்கதா? பின்வரும் தொகையீடு முன்னையதிலும் எளிதாகுமா, அன்றேல் முன்னையதே மீண்டு வந்து சமன்பாடொன்றைத் தருமா? இவ்வினாக்களே உண்மை வழிகாட்டிகள்.

வன்னியிலே இஃது வெறும் ஏட்டு வாதமன்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014இல் பொறியியற் பீடம் தொடங்கிற்று. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அவ்வாயில்கள் அண்மையில் இருப்பினும், அவற்றைத் திறப்பது பரீட்சைப் பெறுபேறே. தனியார் வகுப்புக்கு வசதியற்ற முல்லைத்தீவுக் கிராமத்து மாணவன், வரிசையை மறந்தாலும், பெருக்க விதியொன்றிலிருந்து முறையை மீளப் பெறலாம். ஆதலின் ஆசிரியர் வரிசைக்கு முன்னர்க் காரணத்தைக் கற்பிப்பாராக.