தலைக்கணக்கில் உண்டு, வாக்குக்கணக்கில் இல்லை

நம்ம ராமநாதபுரம் பக்கம் இலங்கை அரசியல் பற்றிப் பேச்சு எடுத்தால் அது பெரும்பாலும் 1983ல் தொடங்கும். கொஞ்சம் வாசிப்பு உள்ளவர்கள் 1956க்கு, சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் போவார்கள். அதற்கு முன்னால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, வெள்ளைக்காரன் ஒரு நல்ல அரசியல் சாசனத்தைக் கொடுத்துவிட்டுப் போனான், பின்னால் வந்த அரசியல்வாதிகள் அதைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வருஷங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அது நிற்காது.

என் வாதம் இதுதான். இலங்கை நாடாளுமன்றம் முதல் பெரிய அநியாயத்தைச் செய்தபோது ஒரு விதியையும் மீறவில்லை. முறையாக மசோதா கொண்டுவந்து, விவாதித்து, வாக்கெடுத்து, தன்னைத் தேர்ந்தெடுத்த வாக்காளர்களில் ஒரு பகுதியைப் பட்டியலிலிருந்து அழித்தது. சுதந்திரம் கிடைத்து இரண்டு வருஷத்துக்குள் இது முடிந்துவிட்டது. அழிக்கப்பட்டவர்களில் நம்ம சீமையிலிருந்து போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டு. அதனால் இது எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கத்துக் கதை இல்லை.

முதலில் அந்தத் தீவுக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். தமிழ்நாட்டில் பாதி அளவுதான் இலங்கை. அங்கே 1931லேயே, 21 வயதான ஆண் பெண் எல்லாருக்கும் ஓட்டு என்று வந்துவிட்டது. பிரிட்டனிலேயே பெண்களுக்குச் சமமான வாக்குரிமை 1928ல்தான் வந்தது. அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு. நமக்கு எல்லாருக்கும் ஓட்டு என்பது 1951-52 தேர்தலில்தான். அந்த வகையில் இலங்கை நம்மைவிட இருபது வருஷம் முன்னே போனது.

ஆனால் அந்த வாக்குரிமை வந்த விதத்தைப் பாருங்கள். டொனமூர் ஆணைக்குழு 1928ல் அறிக்கை கொடுத்தது. அதை ஏற்பதா வேண்டாமா என்று 1929 டிசம்பரில் சட்டசபையில் வாக்கெடுத்தபோது ஆதரவு 19, எதிர்ப்பு 17. இரண்டே இரண்டு ஓட்டு வித்தியாசம். தோட்டத் தொழிலாளிக்கும் ஓட்டா என்பது பெரிய சண்டையாக இருந்தது. ஐந்து வருஷம் தீவில் குடியிருந்தால் போதும் என்றது ஆணைக்குழு. சிங்களத் தலைவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், நிரந்தரமாக இங்கேதான் இருக்கப் போகிறேன் என்பதற்கு நிரூபணமோ சான்றிதழோ காட்ட வேண்டும் என்று விதியை இறுக்கிவிட்டுத்தான் தேர்தலை நடத்தினார்கள். எல்லாருக்கும் ஓட்டு என்ற அறிவிப்பும், இவர்களுக்கு மட்டும் ஒரு கேள்வி என்ற ஏற்பாடும் கூடவே பிறந்தன.

யார் இந்த 'இவர்கள்'? 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டத்துக்கும் அப்புறம் தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணிகள் கூட்டிப்போன சனங்கள். ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். முதலில் நம்ம கரையிலிருந்து தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே நடந்து மலைக்கு ஏறினார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். அதற்கு முன்னால் மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவார்கள். அந்த முகாமை இந்திய மண்ணில் நடத்தியது இலங்கை அரசாங்கம். ஆளை எண்ணி, பதிந்து, வாங்கிக்கொண்டு போனது அவர்கள்தான். வந்தவர்கள் யாரும் திருட்டுத்தனமாக நுழையவில்லை. ஆனாலும் பிற்பாடு இவர்களுக்குத் தீவில் கிடைத்த பட்டப்பெயர் 'கள்ளத்தோணி'.

இப்போது 1947க்கு வருவோம். சோல்பரி அரசியல் சாசனப்படி நாடாளுமன்றத்தில் 101 பேர். அதில் 95 பேர் தேர்தலில் வருபவர்கள், 6 பேர் நியமனம். அந்த ஆண்டுத் தேர்தலில் மலையகத் தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் சபைக்குப் போனார். மற்ற சில தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆட்சியைப் பிடித்தவர்களுக்குக் கணக்கு புரிந்துவிட்டது.

அடுத்து மூன்று சட்டங்கள். 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949ல் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், அதே 1949ல் தேர்தல் திருத்தச் சட்டம். முதல் சட்டப்படி, நீங்கள் இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. உங்கள் அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் பிறந்திருக்க வேண்டும். அதைக் காட்டவும் வேண்டும். லயத்து வீட்டில் பிறந்தவன் கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவுக்கு எங்கே போவான்? இரண்டாவது சட்டம், விண்ணப்பம் போடு, தொடர்ந்து குடியிருந்ததை நிரூபி என்றது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் ஆறில் ஒரு பங்குக்குத்தான். மூன்றாவது சட்டம், பிரஜை இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை என்று கதவைச் சாத்தியது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர் ஒருவர்கூடச் சபைக்குப் போகவில்லை.

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். தன் பிரஜை யார் என்று தீர்மானிக்க எந்த நாட்டுக்கும் உரிமை இருக்கிறதே? இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இங்கே தீர்மானித்த சபை, யாரைப் பற்றித் தீர்மானித்ததோ அவர்கள் ஓட்டும் சேர்ந்துதான் உருவானது. அவர்கள் வாக்காளர் இல்லை என்றால், 1947 தேர்தலே செல்லாது. அந்தத் தேர்தல் செல்லும் என்றால் அவர்கள் வாக்காளர்கள்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. சபை வைத்துக்கொண்டது.

அதைவிட எனக்கு உறுத்துவது தொகுதிக் கணக்கு. சோல்பரி சாசனத்தில் 75,000 ஆட்களுக்கு ஒரு இடம், 1,000 சதுர மைலுக்குக் கூடுதலாக ஒரு இடம். 'ஆட்கள்' என்றுதான் கணக்கு, பிரஜைகள் என்று இல்லை. ஆக, ஓட்டுப் பறிபோன பிறகும் தோட்டத்து மக்களின் தலை தொகுதிக் கணக்கில் இருந்துகொண்டே இருந்தது. அவர்கள் தலையை எண்ணி மலையகத்துக்கு இடம் கிடைத்தது. அந்த இடத்தை நிரப்பியது மிச்சமிருந்த சின்ன வாக்காளர் பட்டியல், பெரும்பாலும் கண்டிச் சிங்களவர்கள். அமெரிக்காவில் அடிமைகளுக்கு ஓட்டில்லை, ஆனால் 1787 சாசனம் பிரதிநிதிகள் எண்ணிக்கைக்கு அடிமை ஒருவரை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகச் சேர்த்துக்கொண்டது. எசமானுக்கு அதனால் பலம் கூடியது. இலங்கையில் ஐந்தில் மூன்றுகூட இல்லை, முழுத் தலையையும் எண்ணிக்கொண்டார்கள்.

சரி, சோல்பரி சாசனத்தில் சிறுபான்மைக்குப் பாதுகாப்பு இருந்ததே என்று கேட்கலாம். பிரிவு 29 இருந்தது. ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமாகவோ சாதகமாகவோ சட்டம் போட்டால் அது செல்லாது என்பது அதன் சாரம். இதை நம்பித்தான் கோடாகன் பிள்ளை என்ற வாக்காளர் வழக்காடினார். வாக்காளர் பட்டியல் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் முடிவு சொன்னார். உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1953ல் லண்டன் பிரிவி கவுன்சில் அரசாங்கத்தின் பக்கமே நின்றது. சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, பிரஜை யார் என்று வரையறுப்பது சட்டமன்றத்தின் இயல்பான வேலை என்ற போக்கில் தீர்ப்பு போனது. பெயரைச் சொல்லாமல் அடித்தால் அடி இல்லை என்று ஆகிவிட்டது. 'நல்ல சாசனம்' என்று சொல்பவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். 1956க்கு மூன்று வருஷம் முன்பே அந்தப் பாதுகாப்பு வேலிக்குள் எவ்வளவு பெரிய வழி இருக்கிறது என்று எல்லா அரசியல்வாதிக்கும் தெரிந்துவிட்டது. சோல்பரி குழுவே குடிவரவையும் வாக்குரிமையையும் தீவின் உள்விவகாரம் என்று விட்டுவிட்டுத்தான் போனது.

தமிழ்த் தலைவர்களையும் விட முடியாது. ஜி. ஜி. பொன்னம்பலம்தான் ஓட்டைப் பறித்தார் என்று ஒரு வரியில் சொல்லும் வழக்கம் உண்டு. அது பாதி சரி. 1948 ஆகஸ்டில் முதல் மசோதா வந்தபோது அவர் எதிர்த்தார். செப்டம்பரில் அமைச்சரானார். இரண்டாவது மசோதா வந்தபோது அரசாங்கத்தோடு நின்றார். முதல் மசோதா வந்தபோதும் அமைச்சரவையில் தமிழர் இல்லாமல் இல்லை. வவுனியா சுந்தரலிங்கமும் மன்னார் சிற்றம்பலமும் இருந்தார்கள். மன்னார் என்றால் நமக்கு எதிர்க்கரை, தோட்டத்து மக்கள் தரையிறங்கிய கரை. செல்வநாயகம் எதிர்த்தார், பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஒன்று கவனியுங்கள். பொன்னம்பலம் சோல்பரி குழு முன்னால் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டபோது, சிறுபான்மை என்ற கணக்கில் தோட்டத்து மக்களின் தலையும் இருந்தது. பேரத்துக்கு அவர்கள் வேண்டும். பதவி என்று வந்தபோது வேண்டாமல் போய்விட்டார்கள். சேனநாயக்கா செய்த அதே தலைக்கணக்குதான் இது, அளவு மட்டும் சின்னது.

இந்தியாவுக்கு வருவோம். அவர்கள் இலங்கையின் பொறுப்பு என்று நேரு கடைசிவரை சொல்லிவந்தார். அவர் மறைந்த ஐந்தே மாதத்தில், 1964 அக்டோபர் 30ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஐந்து வாரத்தில், டிசம்பர் 3ல், சிறிமாவோ அரசாங்கம் சபையில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. ஒப்பந்தம் மட்டும் தோற்கவில்லை. டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. அந்த ராமேஸ்வரம் துறையில்தான் 'தாயகம் திரும்பியோர்' இறங்கினார்கள், மண்டபம் முகாமில் பதிந்துகொண்டார்கள். நீலகிரியில் டான்டீ தோட்டங்கள் இவர்களுக்காகத்தான் உருவாயின. பிறந்த மண்ணை விட்டு, தாத்தா விட்டுப்போன ஊருக்கு வருவதற்குப் பெயர் தாயகம் திரும்புதல்.

மிச்சம் வைத்த 1,50,000 பேர் என்ன ஆனார்கள்? 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். அதே இருவர்தான் அதே ஆண்டு ஜூனில் கச்சத்தீவு ஒப்பந்தமும் போட்டார்கள். ஆள் குடியில்லாத அந்தத் தீவைப் பற்றி நம்ம பக்கம் ஒவ்வொரு தேர்தலிலும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான், மீனவர் பிழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் ஐந்து மாசம் முன்னால் ஒன்றரை லட்சம் மனுஷர்களைப் பாதியாகப் பிரித்த கையெழுத்தை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று மூடிவிட முடியாது. இலங்கையில் மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003ல் ஒரு சட்டம் போட்டு ஓரளவு கணக்கை முடித்தார்கள். முடியாத கணக்கு நம்ம கரையில் இருக்கிறது. 1983க்குப் பிறகு மண்டபம் முகாம் மறுபடி திறந்தது, இந்தத் தடவை அகதிகளுக்கு. வந்தவர்களில் மலையக வம்சாவளியினரும் உண்டு. 1977, 1983 கலவரங்களுக்குப் பயந்து வன்னிக்குப் போய், அங்கிருந்து தோணியில் வந்தவர்கள். 2019ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை இப்படிப்பட்டவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. அதே 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2021ல் தமிழக அரசு அகதிகள் முகாமை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பெயர் நல்ல பெயர்தான்.

இப்போது அந்தப் பழைய சோல்பரி கணக்கை நம்ம ஊரில் போட்டுப் பாருங்கள். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குடியுரிமை பார்க்காமல் இங்கே வசிக்கிற எல்லாரையும் எண்ணுகிறது. தொகுதி எல்லை அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் வகுக்கப்படுகிறது. தமிழ்நாட்டு முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்றவர்கள் பலர். அவர்கள் தலை நம்ம தொகுதிக் கணக்கில் இருக்கிறது, விரலில் மை இல்லை. எண்ணிக்கை சின்னது, அதனால் ஒரு இடம்கூட மாறாது என்பது உண்மை. ஆனால் 1949ல் கொழும்பு செய்ததைக் கண்டிக்கும்போது, எண்ணிக்கை பெரிசு என்பதற்காக மட்டும் கண்டிக்கிறோமா, அது தப்பு என்பதற்காகக் கண்டிக்கிறோமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு நாடாளுமன்றம் எப்படிப்பட்டது என்று பார்க்க, அங்கே யார் பேசினார்கள், என்ன சட்டம் போட்டார்கள் என்று நாம் தேடுகிறோம். அதற்கு முன் வாக்காளர் பட்டியலையும் குடிசன மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பேர் காணாமல் போயிருக்கிறார்கள், யார் அவர்கள் என்பதில் பாதி விமரிசனம் முடிந்துவிடும். அடுத்த தேர்தலில் ராமநாதபுரத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கச்சத்தீவு பற்றிக் கேளுங்கள். அப்படியே மண்டபம் முகாமில் பிறந்த பிள்ளைக்கு எப்போது ஓட்டு என்றும் கேளுங்கள்.