மன்னார்க் கத்தோலிக்கக் கூத்து: கருவியா, கலையா?

மன்னார்ப் பகுதியின் கத்தோலிக்கக் கூத்துக்களை மதப் பிரசாரக் கருவிகளென ஒதுக்கிவிடும் போக்கு எம்மவரிடையே, சிறப்பாக முற்போக்கு விமர்சகரிடையே, காணப்படுகின்றது. கதை திருச்சபை தந்தது, எனவே கலையும் அதனுடையதே என்பது அவர்தம் வாதம். இதனை நாம் ஏற்பதற்கில்லை.

1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அவ்வடக்குமுறைக் காலத்தில் எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' தபசுகாலத்தில் மக்கள் இராகத்தோடு ஓதும் மரபாயிற்று. நிறுவனம் நலிந்திருந்த வேளையிலும் குரல் மக்களுடையதாயிருந்தது. மேலும், திருச்சபை ஒன்று, கதைகளும் பொதுவானவை. எனினும் மன்னாரில் யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு என இருவேறு மரபுகள் வேரூன்றின. பிரசாரம் மட்டுமே நோக்கமாயின் ஒரு பாங்கு போதுமே!

'மூவிராசாக்கள் நாடகம்' இவ்விடத்து நோக்கத்தக்கது. மத்தேயுவின் நற்செய்தியில் வருவோர் ஞானிகளே. அவர்தம் தொகையும் அங்குக் கூறப்படவில்லை. ஐரோப்பிய மரபு அவர்களை மூன்று அரசர்களாக்கிற்று. கட்டியமும் கொலுவும் கொண்ட தமிழ்க் கூத்துக்கு அது வாய்ப்பாய் அமைந்தது. ஆயின் அதே கொலுச் சிறப்பு ஏரோதுக்கும் உரியது. வடிவம் அரசனைப் போற்றுகின்றது; கதையோ அவனைக் குழந்தைகளைக் கொல்விக்கும் கொடியவனாகக் காட்டுகின்றது. நிலவுடைமைச் சமூகத்தின் முரண்பாடு அரங்கிலேயே வெளிப்படுகின்றது. முடி தரித்து ஆடுபவர் மீனவரும் கமக்காரருமே என்பதையும் மறத்தலாகாது.

இது மன்னாருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் யோர்க் நகரில், 1569 வரை நடைபெற்ற சமய நாடகங்களில், நோவாவின் பேழையைக் கப்பல் கட்டுவோரும் சிலுவையேற்றத்தை ஆணி செய்வோரும் நடித்தனர். தொழில் சமயத்துள் புகுந்தது எனலாம்; அங்கு எள்ளலும் இருந்திருக்கவேண்டும் என்றே நாம் கருதுகின்றோம்.

எனினும் இவற்றை 'மக்கள் கலை' என்று போற்றிவிட்டு அமைவதும் போதாது. பெண் பாத்திரங்களையும் ஆடவரே ஏற்றுவந்த அரங்கு இது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இக்கூத்துக்களைப் பதிப்பித்தமை பெரும்பணி. ஆனால் அப்பதிப்புக்களைக் கொண்டு மட்டும் அவற்றின் இலக்கியத் தரத்தைத் தீர்மானிப்போர் அச்சேறாத பாதியைக் காண்பதில்லை. ஏரோது உரைப்பது யாதென்பதை ஏட்டில் அறியலாம். எம்மெட்டில், எவ்வாட்டத்தோடு உரைக்கின்றான் என்பதை மாதோட்டத்து அண்ணாவியாரிடமே கேட்டறிதல் வேண்டும்.