வரம்பு காக்கும், ஆனால் திருத்தாது

ஓர் இணையதளத்தை முடக்க இரண்டு வழிகள் உண்டு. ஆயிரக்கணக்கான கணினிகளிலிருந்து கோரிக்கைகளைக் கொட்டி சர்வரைத் திணறடிப்பது ஒரு வழி. ஒரே கணினியிலிருந்து சில கோரிக்கைகளை மட்டும் அனுப்பி, அவற்றைப் பிரித்துப் படிக்கும் வேலையிலேயே பிராசஸரை மூழ்கடிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வழி திறந்து கிடப்பதற்குத் தாக்குபவரின் பலம் காரணமல்ல. வெப் ஃபிரேம்வொர்க்கின் உள்ளிருக்கும் பார்சர் தன் வேலையைச் செய்யும் விதமே காரணம். அந்த வேலை பல நேரங்களில் வந்தவர் யார் என்று கேட்கும் முன்பே நடந்துவிடுகிறது. பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில், போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் சோதனைக்காகவே படிவத் தரவு பகுக்கப்படுகிறது. உள்நுழைவுச் சோதனை அதற்குப் பிறகு நடப்பதே வழக்கம். இத்தகைய ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் ஃபிரேம்வொர்க் எழுதுபவர்கள் பெரும்பாலும் நாடுவது ஒரே மருந்தை: எண்ணிக்கைக்கோ அளவுக்கோ ஒரு வரம்பு. அந்த மருந்து தேவையானது. ஆனால் அதை முழுத் தீர்வாகக் கொள்வதால்தான் ஒரே வகை ஓட்டை வெவ்வேறு இடங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது.

இந்த வழக்கம் வேரூன்றிய கதை 2003இல் தொடங்குகிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும், சாவியைக் கொண்டு மதிப்பைத் தேடும் ஹாஷ் டேபிளில் ஒன்றோடொன்று மோதும் சாவிகளை வேண்டுமென்றே தேர்ந்து அனுப்பினால் அதன் வேகம் சரிந்துவிடும் என்று காட்டினார்கள். பெர்ல் மொழி அதே ஆண்டில் தன் ஹாஷ் முறையில் தற்செயல் தன்மையைச் சேர்த்துக்கொண்டது. மற்ற பல மொழிகள் அசையவில்லை. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியான் வேல்டே இருவரும் அதே உத்தியைப் படிவப் புலப் பெயர்களில் பயன்படுத்திக் காட்டியபோது பிஎச்பி, ஏஎஸ்பி டாட் நெட், ஜாவா, பைத்தான், ரூபி ஆகிய எல்லாத் தளங்களும் சிக்கின. பிஎச்பியில் நொடிக்கு 70 முதல் 100 கிலோபிட் தரவே ஒரு ஐ7 கோரை ஓயாமல் உழைக்கவைக்கப் போதும் என்பது அவர்கள் தந்த கணக்கு. மைக்ரோசாஃப்ட் மறுநாளே திருத்தம் வெளியிட்டது. 2012 ஜனவரியில் பிஎச்பி 5.3.9 வந்தது. இரண்டும் செய்தது ஒன்றே: ஒரு கோரிக்கையில் இயல்பாக 1000 படிவப் புலங்களுக்கு மேல் ஏற்பதில்லை.

இந்த வழியின் நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. வரம்பைச் சில வரிகளில் எழுதி, ஒரே நாளில் சோதித்து, பழைய பதிப்புகளுக்கும் அனுப்பிவிடலாம். மொழியின் அடிப்படைத் தரவமைப்பை மாற்ற மாதங்கள் ஆகும். தாக்குதல் அதுவரை காத்திருக்காது. நினைவகம் தீர்ந்துபோவதைத் தடுக்கவும் வரம்பு வேண்டும். எவ்வளவு திறமையான பார்சரும் எல்லையற்ற தரவைத் தாங்காது. சாதாரணப் படிவங்களில் 1000 புலங்கள் இருப்பதும் அரிது.

ஆனால் வரம்பு, தான் எண்ணுவதை மட்டுமே காக்கும். பிஎச்பியின் வரம்பு முகவரி, படிவம், குக்கி வழியாக வருவதை எண்ணுகிறது. அதே தரவு ஜேசானாக வந்தால் எண்ணுவதில்லை. ஜாங்கோ 2016இல் படிவப் புலங்களுக்கு 1000 என்ற வரம்பைக் கொண்டுவந்தது, ஆனால் அந்தக் கணக்கில் கோப்புகள் சேரவில்லை. ஏராளமான சிறு கோப்புகளை அனுப்பி சர்வரைத் திணறடிக்கும் ஓட்டை 2023 பிப்ரவரியில்தான் அடைக்கப்பட்டது. அடைத்தது, கோப்புகளுக்கு 100 என்ற இன்னொரு வரம்பு. மறுபுறம், நேர்மையான பயனரும் வரம்பில் அடிபடுகிறார். பிஎச்பி 1000ஐத் தாண்டிய புலங்களை விட்டுவிட்டு மேலே போய்விடுவதால், வேர்ட்பிரஸ்ஸில் பெரிய மெனுவைச் சேமிப்பவர்கள் கடைசி உருப்படிகளை இழந்திருக்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று, ஃபிளாஸ்க் ஃபிரேம்வொர்க் நம்பியிருக்கும் வெர்க்சாய்க் நூலகத்தின் 2023ஆம் ஆண்டு. பிப்ரவரியில் அது மல்டிபார்ட் படிவத்தின் பகுதிகளுக்கு 1000 என்ற வரம்பை வைத்தது. அக்டோபரில் அதே பார்சரில் வேறொரு ஓட்டை வெளிவந்தது. அதற்கு ஒரே ஒரு கோப்பு போதும். பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக்குறி ஒரு வரிமுறிவோடு தொடங்கும் என்பதால், வரிமுறிவைக் கண்டதும் பார்சர் அதற்குப் பின்வருவதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக்குறியைத் தேடியது. கோப்பு வரிமுறிவில் தொடங்கி, அடுத்த பல மெகாபைட்டுகளில் வரிமுறிவே இல்லாவிட்டால், கையிருப்பு வளர்ந்துகொண்டே போகும். புதுத் துண்டு வரும் ஒவ்வொரு முறையும் தேடல் முதலிலிருந்து நடக்கும். களத்துக்கு ஒரு மூட்டை வரும்போதெல்லாம் ஏற்கெனவே கிடக்கும் மூட்டைகளையும் சேர்த்து முதலிலிருந்து எண்ணுவது போன்ற வேலை இது. 64 மெகாபைட் கோப்பு 64 கிலோபைட் துண்டுகளாக வருவதாக வைத்துக்கொண்டால், பார்சர் மொத்தம் ஏறத்தாழ 32 கிகாபைட்டைத் துழாவ வேண்டியிருக்கும். இதற்கான திருத்தம் எண்ணிக்கை வரம்பு அல்ல. எல்லைக்குறியின் நீளத்தைவிட அதிகத் தரவு வந்த பிறகும் அது தென்படவில்லையென்றால், அந்த வரிமுறிவு எல்லைக்குறியின் தொடக்கமாக இருக்க முடியாது. ஆகவே கையிலிருப்பதைக் கோப்பின் தரவாக ஏற்று விடுவித்துவிடலாம். இந்த ஒரு தர்க்கம் வேலையைத் தரவின் அளவுக்கு நேர்விகிதத்தில் கொண்டுவந்துவிட்டது.

ஃபிரேம்வொர்க்குக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் இயல்பாகவே 1 மெகாபைட்டுக்கு மேல் அனுமதிக்காதே என்று கேட்கலாம். கோப்பு வாங்கும் தளங்கள் அந்த அளவை உயர்த்தியே ஆகவேண்டும். தவிர, 2024 பிப்ரவரியில் ஃபாஸ்ட்ஏபிஐ ஃபிரேம்வொர்க் திருத்திக்கொண்ட ஓட்டை கோரிக்கையின் உடலில் இல்லை. ஹெடர் ஒன்றைப் படிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இருந்தது. பின்னோக்கிப் பின்னோக்கி முயலும் அந்த எக்ஸ்பிரஷனைச் சிக்கவைக்கச் சிறு தரவே போதும். அதை நீக்கி, பைத்தானோடு வரும் நிலையான நூலகத்தைப் பயன்படுத்தியதே தீர்வானது. பைத்தான் தளங்களை இயக்கும் கூனிகார்ன், சிக்கிக்கொண்ட வொர்க்கரை இயல்பாக 30 நொடியில் நிறுத்திவிடுமே என்றால், அந்த 30 நொடியும் வொர்க்கர் பறிபோனதுதான். சில வொர்க்கர்களே உள்ள தளத்துக்கு அதுவே முடக்கம். பெரும்படையோடு வருபவர் எப்படியும் முடக்குவார் என்பதும் ஏற்கத்தக்க பதிலல்ல. படை திரட்டப் பணமும் ஆளும் வேண்டும்; மோசமான பார்சரோ அந்த வலிமையை எவருக்கும் இலவசமாகத் தந்துவிடுகிறது.

கனமான எதிர்வாதம் செலவைப் பற்றியது. பாதுகாப்பான கணிமுறைகள் சிலவற்றை விட்டுக்கொடுக்கச் சொல்கின்றன என்பது உண்மை. நேர்விகித நேரத்தில் முடியும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகமான ஆர்இ2, முன்பு பொருந்தியதை மீண்டும் சுட்டும் பின்சுட்டு வசதியைத் தருவதில்லை. ஆனால் ஹெடரைப் படிக்க அந்த வசதி தேவையே இல்லை. ஹாஷ் மோதலைத் தடுக்க 2012இல் உருவான சிப்ஹாஷ் எளிய ஹாஷ்களைவிட மெதுவானது. ஆனாலும் பைத்தான் 2014இல் அதை ஏற்றது, மொழி முடங்கிவிடவில்லை.

ஆகவே கேட்க வேண்டியது எவ்வளவு தரவை ஏற்பது என்பது மட்டுமல்ல, தரவு இரட்டித்தால் வேலை எத்தனை மடங்காகிறது என்பதுமாகும். பார்சருக்கான சோதனைகளில் இந்தக் கேள்வி நிரந்தரமாக இடம்பெற வேண்டும்: மிக மோசமான உள்ளீட்டை இரட்டித்துக் கொடுத்துப் பார்த்து, நேரம் நான்கு மடங்கானால் அந்த மாற்றத்தை ஏற்கக்கூடாது. ஒரு ஃபிரேம்வொர்க்கின் பார்சரில் இருக்கும் குறை, அதை நம்பித் தளம் கட்டிய ஒவ்வொருவரின் குறையாகவும் மாறுகிறது. அவர்களில் பலர் அந்தப் பார்சரைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வரம்பைப் போட்டு முதலில் ஆபத்தைத் தள்ளிவைப்பது சரி. கணிமுறை திருத்தப்படும்வரை அந்த ஓட்டை மூடப்பட்டதாக அறிவிப்பது சரியல்ல.